ஙாப்பி ஜாடியும் மூன்றாம் பக்கமும்

கண்ணு,

நீ நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது போன செவ்வாய்க்கிழமைப் பேப்பரின் மூன்றாம் பக்கத்தில், மேல் மூலையில், கட்டை எழுத்தில் தெரிகிறது. வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக உன் பேர் போட்டு வந்த செய்தி. உன் அப்பா அதை மேசைமேல் விரித்து, பறக்காமல் இருக்கக் காபி டம்ளரை வைத்து, சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்களைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோய்விட்டது. "பையன் பேரைப் பாத்த பெருமையில பால மறந்துட்டா" என்று உன் அப்பா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். பெருமை இல்லை கண்ணு. கோபம்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே மறந்திருக்கலாம், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். கடல் தாண்டிப் படகில் வந்து இறங்கிய சனங்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். தலைப்பில் "மர்மப் பொட்டலம்". உள்ளே, "சந்தேகத்துக்கு இடமான பெண் ஒருவர் பொட்டலம் ஒன்றை மார்போடு அணைத்தபடி, கேள்விகளுக்குப் பதில் கூற மறுத்தார். பொட்டலத்தில் தங்கம் இருக்கலாம் என்று கூறப்படுகிறது." யார் கூறினார்கள்? அந்தப் பெண் கூறவில்லை, மறுத்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். போலீஸ் கூறவில்லை. அப்படியானால் டீக்கடை கூறியிருக்க வேண்டும். எனக்கு அந்த டீக்கடையைத் தெரியும். வேறு ஊர், வேறு கடை, ஆனால் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் முதல் அந்தக் கரையிலேயே தங்கிச் செய்தி அனுப்பும் வேலைக்குப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். நீ மூட்டை கட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். உன் விடுதி விலாசத்துக்கு அனுப்பினால் தலையணைக்கு அடியில் போட்டுவிடுவாய். அதனால் உன் பத்திரிகை ஆசிரியருக்கே அனுப்புகிறேன். என்ன கேட்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் உன் அப்பாவும் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டோம் என்று நீ கேட்டபோதெல்லாம் "பஸ் போற ரோட்டுல பாத்துக்கிட்டோம்" என்று சொல்லி மழுப்பியிருக்கிறோம். அது பொய் இல்லை, ஆனால் அந்தப் பஸ்ஸில் நாற்றம் அடித்ததைச் சொல்லவில்லை.

ரங்கூனில் என் அப்பா அரிசிக் கடை வைத்திருந்தது உனக்குத் தெரியும். அறுபதுகளில் ஒரு நாள் கடை அரசாங்கத்துடையது என்று சொல்லிப் பூட்டிவிட்டார்கள். ஊருக்குப் போங்கள் என்றார்கள். எந்த ஊர் என்று எங்களுக்கே தெரியவில்லை. என் தாத்தா இந்த ஜில்லாவிலிருந்து கப்பலேறிப் போனவர் என்று ஏதோ ஒரு காகிதத்தில் இருந்ததாம், அதனால் இது எங்கள் சொந்த ஊர் ஆயிற்று. கப்பல் துறையில் சோதனை செய்தவர்கள் என் அம்மாவின் வளையல், என் தோடு, அப்பாவின் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக அம்மா மார்போடு அணைத்திருந்த பீங்கான் ஜாடியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். அந்த அதிகாரி இரண்டடி பின்னால் துள்ளி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினார். பர்மாவில் எங்கள் குடும்பம் சம்பாதித்ததில் மிஞ்சியது அந்த ஜாடி ஒன்றுதான்.

அதுதான் ஙாப்பி. ஙகரத்தில் தொடங்கி நான் வாயால் சொன்ன ஒரே சொல். மீனையோ கூனி இறாலையோ உப்பில் போட்டு இடித்து, வெயிலில் காயவைத்து, ஜாடியில் அடைத்து ஊறவைப்பது. குழம்பில் ஒரு சுண்டைக்காய் அளவு போட்டால் எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும், மற்றவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

தீர்த்தமலை போகும் ரோட்டோரத்தில் எங்களுக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். லுங்கி கட்டிய பெண்களையும் முகத்தில் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசியிருந்த என்னையும் ஊர் சனம் வந்து நின்று பார்த்தது. கெட்ட பார்வை இல்லை, வேடிக்கைதான். பக்கத்துத் தோட்டத்து மாரப்ப கவுண்டர் தன் கிணற்றைக் காட்டி, "தண்ணிக்கு என்னாங்க, மொண்டுக்கிட்டுப் போங்க. கவுறும் பக்கெட்டும் அங்கயே கெடக்குது" என்றார். அந்தச் சுற்று வட்டாரத்தில் கோடையில் வற்றாத கிணறு அது ஒன்றுதான். அதை விட்டால் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் காத்திருக்க வேண்டும்.

முகாமில் எல்லோரும் ஙாப்பி தின்பவர்கள் இல்லை. அடுத்த கூடாரத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதனால் அம்மா சொல்லி, ஒரு சாயங்காலம் நான் புளியமரத்தடியில் குழி தோண்டி ஜாடியைப் புதைத்து வைத்தேன். மண்ணுக்குள் குளிர்ச்சியாகவும் இருக்கும், வாடையும் வராது என்று கணக்கு. நாய்களுக்கு வேறு கணக்கு. அவை மண்ணைப் பறித்து, மூடியைத் தள்ளி, காற்றும் ஊர்ப் பக்கமாக அடித்ததில், தோட்டத்தில் கடலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் நாய்களை விரட்டி, ஜாடியை மூடி, மறுபடியும் அதே இடத்தில் புதைத்தேன்.

உன் அப்பா அப்போது டவுன் பஸ் ஸ்டாண்டு மூலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார், அதோடு பேப்பர் ஏஜென்சி, அதோடு நிருபர். செய்தியை அவர் சேகரிக்கும் விதம் இதுதான். பக்கத்தில் பாஷா பாய் டீக்கடை. காலையில் போய் பெஞ்சில் உட்கார்ந்தால், சித்தேரி மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்குபவர் முதல் கோர்ட்டுக்கு வந்தவர் வரை எல்லோரும் டீ குடிக்கும்போது செய்தி சொல்வார்கள். அதை எழுதி, கவரில் போட்டு, சிவப்பு மையில் "செய்தி" என்று எழுதி, சாயங்காலம் சேலம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால் அங்கே பேப்பர் ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வான். நடந்த இடத்தைப் போய்ப் பார்ப்பது என்ற வழக்கமே அவரிடம் இல்லை. இத்தனைக்கும் கடை நிறைய சைக்கிள். ஒன்றை எடுத்து மிதித்திருந்தால் போதும்.

மறுநாள் மூன்றாம் பக்கத்தில், மேல் மூலையில், கட்டை எழுத்தில் வந்தது: "அகதி முகாமில் பிணவாடை! புளியமரத்தடியில் புதைக்கப்பட்டது என்ன?" கீழே, "சந்தேகத்துக்கு இடமான இளம்பெண் ஒருத்தி, முகத்தில் மஞ்சள் நிறப் பூச்சுப் பூசி அடையாளத்தை மறைத்தபடி குழி தோண்டியதாகக் கூறப்படுகிறது. தங்கமாக இருக்கலாம் என்றும் நம்பப்படுகிறது." பிணமா தங்கமா என்று உன் அப்பா முடிவு செய்யவில்லை, இரண்டையும் போட்டுவிட்டார். தனக்கா வெயிலுக்குப் பூசுவது கண்ணு. அடையாளத்தை மறைக்கிற அளவுக்கு என் முகத்தை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குக் குடத்தோடு கிணற்றடிக்குப் போனேன். கயிறு இல்லை. பக்கெட்டும் இல்லை. கவுண்டர் வரப்பில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நானா சொல்றன்? பேப்பர்லயே போட்டுட்டான். பேப்பர்காரன் பொய் சொல்லுவானா? எங்க வூட்டுப் பொம்பளைங்க பயப்படறாங்கம்மா."

போலீஸ் வந்து புளியமரத்தடியைத் தோண்டியது. தோண்டிய கான்ஸ்டபிள் வாந்தி எடுத்தார். இன்ஸ்பெக்டர் ஜாடியைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்து, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக் குடத்தோடு திரும்பவும் போனேன். கவுண்டர் தலையை ஆட்டினார். "போலீசு சிரிச்சா ஆச்சா? தப்புன்னு பேப்பர்ல வரட்டும், கவுற நானே கொண்டாந்து கட்டறன்." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அச்சில் வந்ததை அச்சுதான் மாற்ற வேண்டும் என்பது அவர் நியாயம். அதற்குள் முகாமில் குழந்தைகள் ஆற்று ஊற்றுக் கலங்கலைக் குடித்து வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டன. என் தம்பி, உன் மாமா, கண் சொருகிக் கிடந்தான். எனக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு தீர்த்தமலையிலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறினேன்.

பஸ் முழுக்க மலையேறித் தீர்த்தமாடி, நெற்றி நிறைய விபூதியோடு திரும்பிக்கொண்டிருந்த பக்தர்கள். நான் ஏறிய கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. அப்புறம் ஜன்னல்கள் திறந்தன. அப்புறம் முன் சீட்டுக்காரர்கள் எழுந்து பின்னால் போனார்கள். நான் பின்னால் போனால் எல்லோரும் முன்னால் வந்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, "என்னாம்மா அது, எலி கிலி செத்துப் போச்சா?" என்றார்.

"செய்தி. பேப்பர்காரருக்குக் கொண்டுட்டுப் போறேன்" என்றேன்.

"இப்பிடி நாறுற செய்திய அந்தாளுதான் எழுதுவாரு. நீ டிக்கெட்டே எடுக்க வேணாம், சீக்கரமா எறங்கனா போதும்" என்று கடை வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினார்.

உன் அப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் ஜாடியை வைத்து மூடியைத் திறந்தேன். பாஷா பாய் கடையில் இருந்தவர்கள் டீ டம்ளரோடு ரோட்டுக்கு ஓடினார்கள்.

"இதாங்க உங்க பிணம். தங்கமும் இதுதான். நல்லா பாத்துக்கங்க."

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா நீ?" என்றார்.

"சந்தேகத்துக்கு இடமான பொண்ணு."

மறுப்பு போடுவதாகச் சத்தியம் செய்தார். போட்டும்விட்டார். எங்கே தெரியுமா? கடைசிப் பக்கத்தில், "எருமை காணவில்லை" விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில். கவுண்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பேப்பரைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, "எருமை காணோம்னு போட்டுக்குது, அது தெரியுது. உன்னுது எங்க?" என்றார். கயிறு வரவில்லை. நான் மறுபடியும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இந்தத் தடவை என்னைப் பார்த்ததும் பாஷா பாயே அடுப்பை அணைத்தார்.

"எங்க எழுதினீங்களோ அங்கயே வரணும். அதே மூணாம் பக்கம், அதே மூலை, அதே எழுத்து. அதுவரைக்கும் ஜாடி இங்கதான் இருக்கும்" என்றேன்.

"நீ சொல்றது நாயந்தான். ஆனா பொய்க்குத்தாம்மா அந்த எடம். உண்மைன்னா ஆபீஸ்ல சுருக்கிக் கடைசிப் பக்கத்துல தள்ளிடுவாங்க. நான் என்னா பண்ணட்டும்?"

"முதல்ல வந்து பாருங்க. எத்தனை சைக்கிள் வெச்சிருக்கீங்க?"

அவர் கடையில் நின்ற சைக்கிள்களைத் திரும்பிப் பார்த்தார். பாஷா பாய்தான் ரோட்டில் நின்றபடி, "போய்யா, போய்ப் பாத்துட்டு வா. இல்லன்னா நம்ம யாவாரமே படுத்துடும்" என்று கத்தினார். நிருபராகி அத்தனை நாளுக்கப்புறம் உன் அப்பா ஒரு செய்தியைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பினார். நான் ஜாடியோடு பஸ்ஸில், அவர் பின்னால் மூச்சு வாங்க. முகாமுக்கு வந்தவர் காலிக் குடங்களைப் பார்த்தார். படுத்திருந்த குழந்தைகளைப் பார்த்தார். உன் மாமா பக்கத்தில் ரொம்ப நேரம் குந்தியிருந்தார், எழுந்தபோது முகம் சரியில்லை. என் அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் சோறும் ஙாப்பிக் குழம்பும் போட்டு நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றார். காரமா, நாற்றமா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை. அப்புறம் பேனாவை எடுத்து என்னிடம் கேட்டார்.

"உம்பேர் என்னாம்மா?"

கப்பலில் ஏறியதிலிருந்து யாரும் என் பேரைக் கேட்கவில்லை கண்ணு. முகாமில் கொடுத்த கார்டில் அப்பா பேரும் அதற்குக் கீழே "மகள்" என்றும்தான் இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுததும் அவர் பயந்துபோய் ஜாடியை மூடினார்.

அன்றைக்கு அவர் செய்ததுதான் அவர் வாழ்நாளில் செய்த பெரிய கெட்டிக்காரத்தனம். பொய்க்குக் கொடுக்கிற இடத்தை உண்மைக்குக் கொடுக்கமாட்டார்கள் என்றால், உண்மைக்குப் பொய்யின் சட்டையை மாட்டிவிடுவது என்று முடிவு செய்தார். "பிணவாடை மர்மம் துலங்கியது! ஜாடிக்குள் இருந்தது என்ன? இளம்பெண் பரபரப்பு வாக்குமூலம்!" என்று தலைப்பு. உள்ளே ஒரு வரி பொய் கிடையாது. ஙாப்பி என்றால் என்ன, தனக்கா என்றால் என்ன, கடை போனது, தோடு போனது, கயிறு போனது, குழந்தைகள் எப்படிப் படுத்திருக்கின்றன, எல்லாம் என் பேரோடு இருந்தது. கடைசி வரியில், முந்தைய செய்தியை நிருபர் நேரில் பார்க்காமல் எழுதினார் என்றும் போட்டிருந்தார். மர்மத்தைப் பார்த்ததும் சேலத்தில் இருந்தவர்கள் தூக்கி மூன்றாம் பக்கத்து மேல் மூலையில் வைத்துவிட்டார்கள். காலையிலேயே மாரப்ப கவுண்டர் புதுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முகாமுக்கு வந்தார். என்னைப் பார்த்து, "இதான் உம்பேரா? நல்ல பேராத்தான் கீது" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அந்தக் கொழம்பு... ஒரு வாய் பாக்கலாமா?" என்று கேட்டார். ஒரு வாய் போட்டதும் நேராகக் கிணற்றடிக்கு ஓடினார். புதுக் கயிற்றில் முதல் தண்ணீரைக் குடித்தது அவர்தான்.

உன் அப்பா அதற்கப்புறம் அடிக்கடி "செய்தி சேகரிக்க" முகாமுக்குச் சைக்கிளில் வந்தார். அந்த முகாமில் அவ்வளவு செய்தி இல்லை. கடைசியில் பாஷா பாயே பெண் கேட்டு வந்தார். மீதி உனக்குத் தெரியும்.

தெரியாதது எழுபதுகளில் நடந்தது. கூடாரங்கள் போய்க் காலனி வந்தது. சுவர் எழுப்பினார்கள், வாசல் வைத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், கூரை போடவில்லை. ஓடு வருகிறது வருகிறது என்றார்கள். மழைதான் வந்தது. அது நெருக்கடி நிலைக் காலம். பேப்பரில் வருவதை எல்லாம் ஓர் அதிகாரி படித்துப் பார்த்துக் குறையை வெட்டிவிடுவார், நல்ல செய்தி மட்டும் வரலாம். உன் அப்பா கூரையைப் பற்றி எழுதி அனுப்பியதெல்லாம் காணாமல் போயிற்று. அவர் கொஞ்ச நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஞ்சர் ஒட்டினார். அப்புறம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே எழுத உட்கார்ந்தார். நல்ல செய்தி எழுதினார்: "காலனி மக்கள் மகிழ்ச்சி! வீட்டில் படுத்தபடியே நிலவைக் காணும் வசதி. மழைநீர் நேராக அடுக்களைக்கே வந்துவிடுவதால் பெண்கள் குடம் சுமக்கும் தொல்லை ஒழிந்தது. வெயிலும் தடையின்றிக் கிடைப்பதால் வடாம் காயவைக்க வெளியே போக வேண்டியதில்லை." வெட்டுகிற அதிகாரி "மகிழ்ச்சி"யைப் பார்த்து அனுமதித்துவிட்டார் போலிருக்கிறது. அப்படியே வந்தது. ஜில்லாவே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காதவர்கள் அவரை விசாரிக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். "எவன் பொய்யின்னு சொன்னான்? எதுக்கு எழுதனன்னுதான் கேக்கறன்" என்று மிரட்டினார்களாம். "நல்ல சேதிதானுங்க எழுதச் சொன்னீங்க" என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். நீ அப்போது பள்ளிக்கூடத்தில். அந்த நாளில் உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காலனிப் பெண்கள் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி வந்துவிட்டார்கள். சந்தைக் கருவாட்டை வைத்தே உன் பாட்டி அதற்குள் இங்கே ஙாப்பி போடக் கற்றிருந்தாள். "எங்க பேரைக் கேட்டு எழுதின ஆளு, பசியோட இருக்கக் கூடாது" என்று சொல்லி, அத்தனை தூக்கையும் அந்தச் சின்ன அறையில் ஒரே நேரத்தில் திறந்தார்கள். சாயங்காலத்துக்குள் உன் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிருபர் வேலை போயிற்று. பேப்பர் அவரை நிறுத்திவிட்டது, அதன்பின் சைக்கிள் கடைதான். ஆனால் ஓடு லாரியில் வந்தது. கூரை போட்ட அன்றைக்கு நடு வீட்டில் நின்று அண்ணாந்து பார்த்து, "நெலா தெரியல" என்று குறைப்பட்டுக்கொண்டார். கல்யாணத்தன்று கூட அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

இப்போது உன் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். உன்னை யாரும் வெட்டவில்லை. உன் செய்திக்கு ஓர் அதிகாரி உட்கார்ந்து அனுமதி கொடுக்கவில்லை. உன் அப்பா வேலையைப் பறிகொடுத்து ஏங்கிய சுதந்திரம் உனக்குச் சம்பளத்தோடு கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீ எழுதியது அவர் பாஷா பாய் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய அதே செய்தி. அந்தக் கரையில் எந்தக் கிணற்றில் கயிறு காணாமல் போயிற்று என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஆனால் போயிருக்கும்.

அந்தப் பெண்ணிடம் போ. நடந்தே போ. பொட்டலத்தைக் கேட்காதே, பேரைக் கேள். சாப்பிட ஏதாவது கொடுத்தால் நாற்றம் பார்க்காமல் சாப்பிடு. பொட்டலத்தில் என்ன என்று அவளாகச் சொன்னால் எழுது, சொல்லாவிட்டால் அது அவளுடையது, விட்டுவிடு. பிறகு நீ எழுதியது தவறு என்று எழுது. தலைப்பில் மர்மம் வேண்டுமானால் வைத்துக்கொள், அதில் உன் அப்பாவைக் கேட்டால் நன்றாகவே சொல்லிக் கொடுப்பார்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் இந்தக் கடிதத்தை வெளியிடச் சொல்லிக் கேட்கவில்லை. என் மகன் எழுதப்போகும் மறுப்பைத்தான் கேட்கிறேன். மூன்றாம் பக்கம், மேல் மூலை, கட்டை எழுத்து. எருமை விளம்பரத்துக்குக் கீழே வேண்டாம். பீங்கான் ஜாடி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது, போன மாதம்தான் புதிதாக நிரப்பினேன். எனக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் மெட்ராஸ் பஸ் எங்கள் டவுனிலிருந்து நேராகவே வருகிறது.

இப்படிக்கு,
சந்தேகத்துக்கு இடமான பெண்,
உன் அம்மா.